375 பேர் கூடிய சபை

இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வோட்டுரிமை என்னும் விதி முதன்முதலாகச் செயலுக்கு வந்த 1952-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், வடக்கே ஒரிஸ்ஸாவின் எல்லை தொடங்கித் தெற்கே திருநெல்வேலிக் கடற்கரை வரைக்கும், மேற்கே மலபாரும் தென்கன்னடமும் உட்பட விரிந்து கிடந்த சென்னை ராஜ்யத்தின் ஜனங்கள் வோட்டுப் போட்டு முடித்து, எண்ணிக்கையும் தீர்ந்தபோது, அரசியலில் பழுத்த அனுபவஸ்தர்கள் போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் தப்பிப் போயிற்று. 375 ஸ்தானங்கள் கொண்ட சட்டசபையில், சுதந்திரப் போராட்டத்தின் கீர்த்தியையும் ஐந்தாண்டு ஆட்சியின் அதிகாரத்தையும் ஒருங்கே கையில் வைத்திருந்த காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. மெஜாரிட்டிக்கு வேண்டியது 188. மிச்சமிருந்த 223 ஸ்தானங்களை, நேற்றுவரை தடைக்கும் சிறைக்கும் உள்ளாகியிருந்த கம்யூனிஸ்டுகள் 62, கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சியார் 35, தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியார் 19, ஆச்சாரிய ரங்காவின் கிருஷிகார் லோக் கட்சியார் 15, சோஷலிஸ்டுகள் 13, காமன்வீல் கட்சியார் 6, முஸ்லிம் லீகர் 5, முத்துராமலிங்கத் தேவரின் பார்வர்டு பிளாக்கினர் 3, ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தார் 2 என்று பங்கு போட்டுக்கொள்ள, எந்தக் கொடியின் கீழும் நில்லாத சுயேச்சைகள், கம்யூனிஸ்டுகளுக்குச் சரிசமமாக 62 பேர் உள்ளே நுழைந்தார்கள்.

இந்தக் கணக்கில் எஞ்சி நிற்பது ஒரு ஸ்தானம். அது ஜஸ்டிஸ் கட்சிக்குப் போயிற்று. 1920-இல் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்திருந்த சமயத்தில், தேர்தல் மூலம் நிரப்பப்பட்ட 98 ஸ்தானங்களில் 63-ஐக் கைப்பற்றி, இரட்டையாட்சி மந்திரி சபையை அமைத்து, இந்த மாகாணத்து அரசியலின் போக்கையே திருப்பிவிட்ட கட்சி, முப்பத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 1936-இல் சில மாதங்கள் முதன்மந்திரியாகவே இருந்த பி. டி. ராஜன் கம்பம் தொகுதியில் வென்ற அந்த ஒன்றோடு நின்றது. அவர் வென்றது கட்சியின் பெயரால் என்பதைவிடத் தம் பெயரால் என்று சொல்வதே பொருந்தும்.

1952-ஆம் வருஷத்து அமைப்பின் புதுமை விளங்க வேண்டுமானால், அதற்கு முந்திய சட்டசபை எவ்வாறு பகுக்கப்பட்டிருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1935-ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி 1937-இல் கூடிய சபையில் 215 அங்கத்தினர். அவர்களுள் 116 பேர் பொதுத் தொகுதிகளிலிருந்தும், 30 பேர் ஷெட்யூல்டு வகுப்பினருக்கென ஒதுக்கிய ஸ்தானங்களிலிருந்தும், 28 பேர் முஸ்லிம் தொகுதிகளிலிருந்தும் வந்தனர். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8, பெண்களுக்கு 8, நிலச்சுவான்தார்களுக்கு 6, வர்த்தகத்துக்கும் தொழிலுக்கும் 6, தொழிலாளருக்கு 6, ஐரோப்பியருக்கு 3, ஆங்கிலோ இந்தியருக்கு 2, மலைசாதியினருக்கு 1, பல்கலைக்கழகத்துக்கு 1 என்று மற்றவை வகுக்கப்பட்டிருந்தன. அந்தப் பல்கலைக்கழக ஸ்தானத்திலிருந்துதான் ராஜாஜி சபைக்குள் வந்து, மாகாணத்தின் பிரதம மந்திரியானார். ஜனங்களை வகுப்புகளாகவும் வர்க்கங்களாகவும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அளந்து கொடுத்த அந்தச் சட்டம், எவ்வளவு நுட்பமாக அறைகளை அமைத்தாலும், அத்தனை அறைகளையும் தாண்டி ஒரே கட்சி 159 ஸ்தானங்களை வாரிக்கொண்டு போனதைத் தடுக்க முடியவில்லை. ஜஸ்டிஸ் கட்சித் தலைவரான பொப்பிலி ராஜாவே தம்முடைய சொந்தச் சீமையில் காங்கிரஸின் வி. வி. கிரியிடம் தோற்றார். சொத்தும் வரியும் படிப்பும் உடையோர் மட்டுமே வோட்டுப் போட்ட அந்தத் தேர்தல் காங்கிரஸுக்கு முழு வெற்றியைத் தர, எல்லாரும் வோட்டுப் போட்ட தேர்தல் அதைச் சிறுபான்மை ஆக்கிற்று என்பது, ஜனநாயகத்தைப் பற்றிச் சுலபமான சித்தாந்தங்கள் வைத்திருப்போர் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

1952-ஆம் வருஷத்து அமைப்பில் பெண்களுக்கோ, ஜமீன்தார்களுக்கோ, வர்த்தகர்களுக்கோ தனி ஸ்தானங்கள் இல்லை. தனி வாக்காளர் தொகுதிகளும் ஒழிந்தன. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் மலைசாதியினருக்கும் மட்டும் ஒதுக்கீடு இருந்தது. அதுவும் விசித்திரமான ஓர் ஏற்பாட்டின் மூலம் இருந்தது. ராஜ்யத்தின் 309 தொகுதிகளில் 243 ஒற்றை அங்கத்தினர் தொகுதிகள். மற்ற 66-ம் இரட்டை அங்கத்தினர் தொகுதிகள். இரட்டைத் தொகுதியில் வோட்டருக்கு இரண்டு வோட்டு. சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் அப்போது இல்லை; அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின்மேல் அவருடைய சின்னம். பூட்டிய இரட்டைக் காளை, கதிர் அரிவாள், குடிசை, ஆலமரம் என்று வரிசையாக வைத்திருந்த பெட்டிகளின் முன்னால், திரைக்குப் பின்னே தனியாக நின்று, எழுத்தறியாத விவசாயி தம் சீட்டை மனத்துக்கு உகந்த சின்னத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம். இரட்டைத் தொகுதியில் இரண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றுதான் செல்லும். ஒதுக்கிய ஸ்தானத்துக்கு நின்றவர்களில் அதிக வோட்டு வாங்கியவரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு மற்ற எல்லாரிலும் அதிகம் வாங்கியவருக்குப் பொது ஸ்தானம் என்பது விதி. ஆகவே ஒதுக்கிய ஸ்தானத்துக்கு நின்ற இரண்டாமவரே பொது ஸ்தானத்தையும் பெற்றுவிடலாம் என்பது சட்டத்தில் இருந்தும், அது நடந்து காட்டிய பிறகுதான் பலருக்கு உறைத்தது. 1957-இல் ஆந்திரத்துப் பார்வதிபுரம் பார்லிமெண்டுத் தொகுதியில், முன்பு பொப்பிலி ராஜாவை வீழ்த்திய அதே கிரி, மலைசாதி அபேட்சகர் ஒருவரிடம் பொது ஸ்தானத்தை இழந்து, சுப்ரீம் கோர்ட்டு வரை போயும் மீளவில்லை. 1961-இல் இரட்டைத் தொகுதிகளையே எடுத்துவிட்டார்கள்.

மீண்டும் 1952-க்கு வருவோம். காங்கிரஸ் தோற்ற விதமும் கவனிக்கத் தக்கது. முதன்மந்திரியாக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். மந்திரி பக்தவத்சலம் பொன்னேரியில் தோற்றார். வேறு மந்திரிகள் சிலரும் வீடு திரும்பினார்கள். மழை பொய்த்து, அரிசிக்கு ரேஷன் கடை வாசலில் கால் கடுக்க நின்ற ஜனங்களுக்கும், தறி ஓடாமல் பட்டினி கிடந்த நெசவாளிகளுக்கும் ஆட்சியாளர் தியாகிகளாகத் தோன்றாமல் ரேஷன் அதிகாரிகளாகவே தோன்றியதில் வியப்பில்லை. எதிர்ப்பக்கத்திலோ, மதுரை வடக்குத் தொகுதியில் கம்யூனிஸ்டு பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தவாறே வென்றார். அனந்தப்பூரில் தரிமெல நாகி ரெட்டி, அவரும் சிறைவாசி, தம் மைத்துனரும் பிற்காலத்தில் ஜனாதிபதியானவருமான நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தோற்கடித்து வந்து, புதிய சபையில் எதிர்க்கட்சித் தலைவர் ஆசனத்தில் அமர்ந்தார். வண்ணாரப்பேட்டையிலிருந்து ஜீவானந்தம் வந்தார். இவர்கள் எல்லாரும் ஒரே அரங்கில், தமிழும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்க, சபாநாயகர் ஜே. சிவசண்முகம் பிள்ளையின் முன் உட்கார்ந்த காட்சியை எண்ணிப் பார்த்தால், பிற்காலத்துச் சபைகள் எல்லாம் ஒருபடித்தானவை என்றே தோன்றுகிறது.

ஆட்சி யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. ஆந்திர கேசரி பிரகாசத்தின் தலைமையில் பிரஜா கட்சியாரும் கம்யூனிஸ்டுகளும் மற்றும் சிலரும் சேர்ந்து ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று ஒன்றைக் கட்டி, தங்களுக்கு 166 பேரின் ஆதரவு உண்டென்று உரிமை கோரினார்கள். 166 என்பது 152-க்கு மேல், 188-க்குக் கீழ். கவர்னர் ஸ்ரீபிரகாசா முன்னணியை அழைக்கவில்லை. சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்து, பின்பு டில்லியில் உள்நாட்டு மந்திரியாகவும் இருந்துவிட்டு ஓய்வுக்குத் திரும்பியிருந்த எழுபத்து மூன்று வயது ராஜாஜியைக் காங்கிரஸார் தேடிப்போய்த் தலைமைக்கு அழைத்தனர். கவர்னர் அவரை மேல்சபைக்கு நியமித்து, ஏப்ரல் 10-ஆம் தேதி முதன்மந்திரியாக்கினார். தேர்தலில் நில்லாத ஒருவர், ஜனங்கள் மெஜாரிட்டி கொடுக்க மறுத்த கட்சியின் தலைவராக, கவர்னரின் நியமனத்தால் ராஜ்யத்தை ஆள வந்தது அரசியல் சாசனத்தின் எழுத்துக்கு விரோதமா என்று ராமமூர்த்தி ஹைகோர்ட்டில் கேட்டார், வழக்கு நிற்கவில்லை. இலக்கியம், விஞ்ஞானம், கலை, சமூக சேவை முதலியவற்றில் தேர்ச்சி உடையோரை மேல்சபைக்கு நியமிக்கலாம் என்பதே கவர்னருக்குச் சாசனம் தந்த அதிகாரம். ராஜாஜி இலக்கியத்தில் தேர்ச்சி உடையவர் என்பதை அவருடைய விரோதிகளும் மறுக்க மாட்டார்கள். அந்தத் தேர்ச்சிக்காகத்தான் அன்று அவரை அழைத்தார்கள் என்று அவருடைய சிநேகிதர்களும் சொல்லத் துணியமாட்டார்கள்.

அடுத்து நடந்தது எண்களைச் சேர்க்கும் வேலை. கட்சி மாறினால் ஸ்தானம் போகும் என்ற சட்டம் 1985-இல்தான் வந்தது. 1952-இல் அங்கத்தினர் ஒருவர் காலையில் சுயேச்சையாகவும் மாலையில் காங்கிரஸ்காரராகவும் இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. முஸ்லிம் லீக் ஆதரவு தந்தது. சுயேச்சைகளில் பலர் ஆளும் பக்கத்து ஆசனங்களின் சுகத்தை நாடினர். ஆனால் இந்தப் பகுதியில் நான் அதிக சிரத்தையோடு நோக்குவது வட தமிழ்நாட்டு வன்னியர் சமூகத்திலிருந்து எழுந்த இரண்டு கட்சிகளின் வரலாற்றையே. தங்கள் ஜனத்தொகைக்கும் உழைப்புக்கும் தக்க ஸ்தானத்தைக் காங்கிரஸ் தரவில்லை என்ற மனத்தாங்கலில், தென்னார்க்காட்டையும் சேலத்தையும் நிலைக்களமாகக் கொண்டு எஸ். எஸ். ராமசாமி படையாச்சி உழைப்பாளர் கட்சியையும், வடஆர்க்காடு செங்கற்பட்டுப் பிரதேசத்தில் எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கர் காமன்வீல் கட்சியையும் நடத்தி, இருவருமாக 25 ஸ்தானங்களைப் பிடித்தார்கள். முதல் வயது வந்தோர் வோட்டுத் தேர்தலிலேயே, ஒரு சமூகம் தன் எண்ணிக்கையின் பலத்தைக் கட்சியாகவே திரட்டிக் காட்டிய சம்பவம் அது. மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜியின் மந்திரி சபையிலேயே இடம் பெற்றார். படையாச்சி 1954-இல் காமராஜரின் மந்திரியானார். கட்சிகள் இரண்டும் காங்கிரஸில் கரைந்தன. தனித்து நின்று வென்றவர்களை ஆட்சி உள்ளே இழுத்துக்கொண்டது என்று ஒரு சாரார் குறை சொல்வர். உள்ளே போவதற்காகத்தான் அவர்கள் தனித்து நின்றார்கள் என்பது என் அபிப்பிராயம். மந்திரி பதவி கிட்டும் வரையில்தான் அந்தக் கட்சிகளுக்கு வேலை இருந்தது.

1952 ஜூலையில் ராஜாஜி சபையின் நம்பிக்கையைக் கோரியபோது, சார்பாக 200 வோட்டும் எதிராக 151 வோட்டும் விழுந்தன. ஜனவரியில் 152 ஆக இருந்தது ஜூலையில் 200 ஆயிற்று. இடையில் பொதுத்தேர்தல் எதுவும் நடக்கவில்லை. அதற்கு முந்திய ஜூனில் அவர் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியிருந்ததும், ஜனங்களிடையே சர்க்காருக்கு ஏற்பட்ட நல்ல பெயரும், ஊசலாடிய உள்ளங்களை நிலைப்படுத்தப் பெரிதும் உதவின என்பதையும் மறைக்கலாகாது. பேரத்தால் மட்டுமே நடந்தது என்று சொல்வது அநியாயம்.

இத்தனை பேரை உட்கார வைப்பதே ஒரு பிரச்சினையாக இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த சபா மண்டபம் 375 பேருக்குப் போதாது. ஆகவே மவுண்ட் ரோடை அடுத்த அரசினர் தோட்டத்தில் புதிதாக ஒரு மண்டபம் எழுப்பி, சபை அங்கே குடியேறிற்று. ராஜ்யம் சுருங்கி, அங்கத்தினர் எண்ணிக்கையும் குறைந்தபின், 1957 தொடக்கத்தில் சபை மறுபடி கோட்டைக்கே போய்விட்டது. விட்டுச் சென்ற மண்டபம் பாலர் அரங்கமாகி, பின்னர் கலைவாணர் அரங்கமாகி, நாடகமும் சினிமாவும் கண்டது. 2020-இல் கொரோனா நோய்க்கு அஞ்சி, அங்கத்தினர் இடைவெளி விட்டு அமர வேண்டியதாயிற்று. அதே இடத்தில் புதிதாகக் கட்டிய கலைவாணர் அரங்கத்துக்கு அப்போது சபை போனது. நடுவே 1959 ஏப்ரலில் உதகமண்டலத்து அரண்மூர் மாளிகையில் ஒரு கூட்டம் நடந்ததையும் சொல்லிவைக்கலாம். அது எண்ணிக்கையால் நேர்ந்த பிரயாணமன்று, கோடையால் நேர்ந்தது.

மீண்டும் 1952-ஆம் வருஷத்து முடிவுகளைப் பார்த்தால், காங்கிரஸின் பலவீனம் ராஜ்யம் முழுவதும் ஒரே அளவாக இருக்கவில்லை என்பதே இக்கதையின் மையம். ஆந்திரப் பகுதியின் 143 ஸ்தானங்களில் அதற்குக் கிடைத்தவை 43. கம்யூனிஸ்டுகள் அங்கே 40 பெற்றுத் தோளோடு தோள் நின்றனர். மலபாரின் 29-இல் காங்கிரஸுக்கு 4. தமிழ்ப் பகுதியின் 190-இலோ 96. பாதிக்கு மேல் சரியாக ஒன்று. ஆக, காங்கிரஸைச் சிறுபான்மை ஆக்கியவை கிருஷ்ணா கோதாவரிச் சமவெளிகளும் ராயலசீமையும் மலபாரும். அந்தப் பிரதேசங்கள் ராஜ்யத்திலிருந்து பிரிந்து போகுமானால், மிஞ்சும் சபையில் காங்கிரஸ், ஒரு வோட்டையும் புதிதாகத் தேடாமலே, மெஜாரிட்டி ஆகிவிடும். அப்படியொரு கணக்கை முன்வைத்துப் பிரிவினையை யாரும் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ராஜாஜிக்கும் நேருவுக்கும் மொழிவாரி ராஜ்யங்களில் உற்சாகம் இருந்ததில்லை. சென்னையில் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15-இல் உயிர்நீத்த பொட்டி ஸ்ரீராமுலுவின் மரணமே அவர்களுடைய கையை நகர்த்திற்று. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர ராஜ்யம் உதயமாயிற்று. பல்லாரியின் பகுதிகள் மைசூருக்குப் போயின. தெலுங்கு அங்கத்தினர் தங்கள் சபைக்குச் சென்றபின் சென்னையில் எஞ்சியவர்கள் 231 பேர். காங்கிரஸுக்கு எதிரான முன்னணியின் தலைவராக நின்ற பிரகாசம், காங்கிரஸின் ஆதரவோடே ஆந்திரத்தின் முதல் முதன்மந்திரியானார் என்பதைக் காணும்போது, கட்சிக் கணக்குகளை மிகுந்த பயபக்தியோடு படிப்பது வீண் என்று தோன்றுகிறது.

ராஜாஜியின் அரை நாள் ஆரம்பக் கல்வித் திட்டம் குலக் கல்வி என்ற பெயரைப் பெற்று, வெளியே திராவிடக் கழகங்களின் கிளர்ச்சியையும் உள்ளே காங்கிரஸ் அங்கத்தினரின் அதிருப்தியையும் வளர்க்க, 1954-இல் அவர் விலகினார். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் சி. சுப்பிரமணியத்தைக் காமராஜர் வென்றார். வென்றவர் தோற்றவரையும் சேர்த்துக்கொண்டு எட்டே பேர் கொண்ட மந்திரி சபையை அமைத்தார். அதில் படையாச்சியும் மாணிக்கவேலு நாயக்கரும் இருந்தனர். சுயேச்சையாக வென்றிருந்த ராமநாதபுரம் சேதுபதியும் இருந்தார். 1952-இல் காங்கிரஸுக்கு வெளியே வென்றவர்களில் மூவர், இரண்டே வருஷத்தில் அதன் மந்திரிகள். தாம் மட்டும் நியமனத்தின் வழியை நாடாமல், குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து, காமராஜர் கீழ்ச்சபைக்கு வந்தார். ராஜாஜியின் முன்மாதிரிக்கு அவர் சொன்ன விடை அதுவாகவே இருக்க வேண்டும்.

1956 நவம்பர் 1-இல் மலபார் கேரளத்துக்கும் தென்கன்னடம் பெரும்பாலும் மைசூருக்கும் போக, சபை 190 ஆகச் சுருங்கிற்று. தெற்கே கன்னியாகுமரித் தாலுகாக்களும் செங்கோட்டையும் வந்து சேர, 1957 தேர்தலுக்கு 205 ஸ்தானங்கள் என்று நிர்ணயமாயிற்று. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் 151 ஸ்தானங்களில் வென்றது. ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கியதைவிட ஒன்று குறைவு! ஆனால் அன்றைய 152, கைப்பிடிக்குள் அடங்காத ஒரு சபையில் ஐந்தில் இரண்டு பங்கு; 1957-இன் 151, ஏறத்தாழ முக்கால் பங்கு. அதே சபையில், 1952-இல் தேர்தலில் நேரே நில்லாமல் திராவிட நாட்டுக் கோரிக்கைக்கு உறுதிமொழி தந்த பிற அபேட்சகர்களை ஆதரிப்பதோடு நின்றிருந்த தி. மு. கழகம், முதல் தடவையாக 15 பேரை அனுப்பிற்று. அங்கீகாரம் பெறாத கட்சியாகையால், தேர்தல் கமிஷனின் ஏட்டில் அவர்கள் சுயேச்சைகள் என்றே பதிவாயினர். பத்து வருஷத்தில் ஆட்சிக்கு வரப்போகிற கட்சியைப் பதிவேட்டில் தேடுபவன் சுயேச்சைகளின் பட்டியலில்தான் தேட வேண்டும். 1962-இல், 206 பேர் சபையில், அவர்கள் 50, காங்கிரஸ் 139. அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் தோற்க, நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவரானார்.

1967-இல் சபை 234 ஆக விரிந்தது. பெற்ற வோட்டுகளின் விகிதத்தில் காங்கிரஸும் கழகமும் ஏறத்தாழச் சமம். பெற்ற ஸ்தானங்களோ 51-ம் 137-ம். கூட்டு சேர்ந்து நின்றவர்களுக்கும் தனித்து நின்றவர்களுக்கும் உள்ள தாரதம்மியம் இது. கம்யூனிஸ்டுகளை ஆட்சியிலிருந்து விலக்கி நிறுத்துவதற்காகவே 1952-இல் ஓய்வைத் துறந்து வந்த ராஜாஜி, இப்போது 20 ஸ்தானங்கள் வென்ற சுதந்திராக் கட்சியின் தலைவராக, 11 ஸ்தானங்கள் வென்ற மார்க்ஸிஸ்டுகளோடு ஒரே அணியில் இருந்தார்.

234 என்னும் எண் அதன்பின் மாறவில்லை. 1976-இல் சாசனத் திருத்தம் ஒன்றினால் ஸ்தானங்களின் தொகை உறைய வைக்கப்பட்டது. பின்னர் அந்தத் தவணை நீட்டவும் பட்டது. ஆயினும் தொகுதிகளின் எல்லைகளை உள்ளுக்குள்ளே மாற்றி வரையத் தடை இல்லை. 2008-இல் வரைந்த கோடுகளின்படி 2011-இல் தேர்தல் நடந்தபோது, சென்னைப் பட்டணத்திலேயே பூங்கா நகர், புரசைவாக்கம் என்னும் பழைய தொகுதிகள் பட்டியலில் இல்லை. அவற்றின் வோட்டர்கள் அடுத்த தொகுதிகளில் வரிசையில் நின்றார்கள்.